மாமன்றக் கேள்வியும் மாநகரச் செலவும்: மதுரை மாநகராட்சியை முன்வைத்து

நகராட்சி ஆட்சிமுறையைப் பற்றிய நூல்கள் தேர்தலையும் இடஒதுக்கீட்டையும் அதிகாரப் பகிர்வையும் விரிவாகப் பேசும் அளவுக்கு, தேர்தல் முடிந்து மன்றத்தில் அமர்ந்த உறுப்பினர் எழுந்து நின்று கேட்கும் கேள்வியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு தெருவுக்குக் குடிநீர் ஏன் வரவில்லை, பாதாளச் சாக்கடைப் பணிக்கு ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவாயிற்று, குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு எந்த அளவீட்டின் பேரில் பட்டியல் தொகை வழங்கப்பட்டது என்று மக்கள் பிரதிநிதி ஒருவர், பதில் சொல்லக் கடமைப்பட்டவரை நோக்கி, நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்படி கேட்பதே இச்சொற்பொழிவில் மாமன்றக் கேள்வி எனப்படுகிறது. மாமன்றம் என்பது வார்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் அவை; மதுரையில் அது தல்லாகுளத்திலுள்ள அறிஞர் அண்ணா மாளிகையில் கூடுகிறது. அங்கே கேள்விக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கேள்விக்கு எவர் பதில் தர வேண்டும் என்பதில்தான் குழப்பம் நீடித்து வந்துள்ளது என்பதும், அக்குழப்பத்தால் நலிந்தவை நகரத்தின் ஏழை வட்டாரங்களே என்பதும் இங்கு நிறுவ முயலும் கருத்து.

பாண்டிய நாட்டில் இச்சிக்கல் புதியதன்று. திருநெல்வேலிச் சீமையின் மானூரில் உள்ள, மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபையில் யார் பேசலாம் என்பதற்கு நிலவுடைமையையும் கல்வியையும் ஒழுக்கத்தையும் தகுதியாக வைத்ததோடு, எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் மறுத்துப் பேசுவதையே வழக்கமாகக் கொண்டவருக்கும் அவருக்குத் துணைநின்றவருக்கும் 5 காசு தண்டம் விதித்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் பெயர் எழுதுவதிலிருந்து விலக்கின. முன்னது கேட்பவரின் வரம்பைச் சொல்கிறது. பின்னது கணக்குக் காட்ட வேண்டியவரின் கடமையைச் சொல்கிறது. இவை நிலமுடைய பிராமணர்களின் சபைகள் என்பதாலும், உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கு இடமில்லை என்பதாலும், அவற்றை இன்றைய மக்களாட்சியின் முன்னோடியாகக் கொண்டாடுவது மிகையாகும். எனினும், பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டாத வரை மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்ற அந்த ஏற்பாட்டின் கண்டிப்பு, இன்றைய சட்டங்களில் காண அரிதானது.

இன்றைய மதுரை மன்றத்தின் வேர் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உள்ளது. 1866ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மதுரை நகராட்சியாயிற்று. 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபுவின் தீர்மானத்துக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பங்கு படிப்படியாகக் கூடியது. 1971 மே மாதம் 1ஆம் நாள், சென்னைக்கு அடுத்ததாக, அது மாநகராட்சியாக உயர்ந்து, மதுரை முத்து என்று மக்கள் அழைத்த எஸ். முத்து முதல் மேயரானார். சென்னை மாகாணத்து நகராட்சிச் சட்டங்களிலிருந்து இந்த மன்றம் பெற்ற மரபில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மூன்று உரிமைகள் உண்டு. பணியில் காணும் புறக்கணிப்பையும், சொத்து வீணாவதையும், தம் பகுதியின் தேவையையும் உரியவர் கவனத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. நிர்வாகத்தைப் பற்றித் தலைமையிடம் கேள்வி கேட்பது மற்றொன்று. முன்னறிவிப்புக் கொடுத்து, அலுவலக நேரத்தில் பதிவேடுகளைப் பார்வையிடுவது மூன்றாவது. மூன்றாவது உரிமையே முதலிரண்டுக்கும் உயிர் தருவது. ஏனெனில், எம்-புக் என்று பணியாளர் வழக்கில் வழங்கும் அளவீட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் சாலைச் செலவைப் பற்றிக் கேட்கும் கேள்வி, பதிலளிப்பவரின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி நிற்கும். இம்மூன்றாம் உரிமையே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுகிறது என்பது வருந்தத்தக்கது.

உரிமை இவ்வாறிருக்க, அதிகாரம் வேறிடத்தில் வைக்கப்பட்டது. மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். நிர்வாக அதிகாரமோ மாநில அரசால் நியமிக்கப்படும் ஆணையரிடம் இருக்கும். கூட்டத்தில் வைக்கப்படும் பொருள்களை அலுவலகமே தயாரிக்கிறது. அவசரம் என்று கருதப்படும் செலவுக்கு மேயரின் முன்அனுமதி பெற்றுப் பணியை முடித்துவிட்டு, பின்னர் மன்றத்தின் ஒப்புதலைக் கேட்கும் முறையும் உண்டு. அதற்குப் பின்னேற்பு என்று பெயர். பணி முடிந்து பணமும் வழங்கப்பட்ட பிறகு எழும் கேள்வி எவ்வளவு கூர்மையானதாயினும், அது செலவைத் தடுக்கும் ஆற்றல் இழந்ததாகிவிடுகிறது. பல பொருள்கள் சில நிமிடங்களில் ஒட்டுமொத்தமாக நிறைவேறுவதும், எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்வதும், கேட்ட கேள்வி பதிலின்றியே முடிவதும் தமிழ்நாட்டு மன்றங்கள் பலவற்றுக்கும் பொதுவான காட்சி.

மதுரையில் ஒரு மாமன்ற உறுப்பினரின் கேள்வி எவ்வளவு கனமானது என்பதை உணர்த்த, க. லீலாவதியின் பெயரைச் சொல்லாமல் இருக்க இயலாது. கைத்தறி நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவரும், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியிலும் ஜனநாயக மாதர் சங்கத்திலும் பணியாற்றியவருமான அவர், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் முதன்முறையாக நடந்த 1996ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில், நகரின் தென்புறத்து வில்லாபுரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பகுதியில் குடிநீர் விலைப்பொருளாக இருந்தது. குழாய் வராத தெருக்களில் தண்ணீரை விற்று வாழ்ந்தவர்களுக்கு, குழாய் வராமல் இருப்பதே ஆதாயம். மாநகராட்சிக் குழாய் வில்லாபுரத்துக்கு வர வேண்டும் என்று லீலாவதி மன்றத்திலும் அலுவலகத்திலும் விடாது வலியுறுத்தினார். அதில் வெற்றியும் கண்டார். 1997 ஏப்ரல் 23ஆம் நாள், பட்டப்பகலில், தம் வார்டிலேயே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உறுப்பினராகி ஓராண்டுகூட நிறைவடையவில்லை. அவ்வழக்கில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தக் கொலையைத் தனிமனிதத் துணிச்சலின் வரலாறாக மட்டும் நினைவுகூர்வது போதாது. ஒரு வார்டின் குடிநீர்க் குழாய் பற்றிய கோரிக்கை, அதை எழுப்பியவரின் உயிருக்கு ஆபத்தாக முடிந்தது ஏன் என்று கேட்டால், நிறுவனத்தின் குறை வெளிப்படும். எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் போடப்படும், அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பவை எழுத்துமூலப் பதிலாக மன்றத்தின் மேசையில் வைக்கப்பட்டு, நகரம் முழுவதும் அறிந்த செய்தியாக இருந்திருந்தால், அந்தக் கோரிக்கை மன்றம் முழுவதன் கோரிக்கையாகியிருக்கும். ஒரு பெண்ணின் தனித்த பிடிவாதமாகப் பகைவர் கண்ணில் பட்டிருக்காது. பதில் சொல்லும் கடமையை நிறுவனம் தட்டிக் கழிக்கும்போது, கேட்டவர் மட்டுமே தெருவில் தனியாக நிற்க வேண்டியதாகிறது.

அதே ஆண்டில், இரண்டு மாதம் கழித்து, ஜூன் 30ஆம் நாள், மேலூரை அடுத்த மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் கொல்லப்பட்டனர். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் அவர் அமர்ந்ததே காரணம். உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஒதுக்கீட்டுத் தொகுதிகளில் முறையான தேர்தலே பத்தாண்டுகள் நடக்க முடியாமல், 2006ஆம் ஆண்டில்தான் நடந்தது. மதுரைச் சமவெளியில் கேள்வி கேட்கும் இருக்கையில் அமர்வதற்கே எத்தனை தடைகள் இருந்தன என்பதற்கு இவை சான்று.

சாதியோ வன்முறையோ இன்றி, சட்டச் சிக்கலாலேயே இருக்கைகள் காலியாகக் கிடந்த காலமும் உண்டு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீட்டு அறிவிக்கையின் குறைபாடுகளுக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. அம்மாதம் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர் ஆட்சி ஏற்பட்டது. தனி அலுவலர் என்பவர் மன்றத்தின் அதிகாரங்களைத் தாமே செலுத்தும் அரசு அலுவலர். மாநகராட்சிகளில் ஆணையரே அப்பொறுப்பையும் ஏற்றார். செலவுக்குப் பரிந்துரைப்பவரும் அவரே, மன்றமாக நின்று அதற்கு அனுமதி தருபவரும் அவரே என்ற இந்நிலை, 2022 பிப்ரவரி 19ஆம் நாள் தேர்தல் நடந்து, மார்ச் மாதம் புதிய மன்றம் பொறுப்பேற்கும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அந்த ஐந்தாண்டுகளே மதுரையில் பெருஞ்செலவின் ஆண்டுகளாகவும் அமைந்தன என்பது கவனத்துக்குரியது. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு மதுரை தேர்வாயிற்று. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு ஐந்து ஆண்டுகளில் 500 கோடி ரூபாய் தரும்; அதற்கு ஈடான தொகையை மாநிலமும் நகராட்சியும் சேர்க்கும் என்பது அத்திட்டத்தின் விதியாக இருந்தது. பெரியார் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டதும், மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் மாற்றியமைக்கப்பட்டதும், வைகைக் கரைகளில் பணிகள் நடந்ததும் இத்திட்டத்தின்கீழ்தான். இவற்றை நடத்தியது மாநகராட்சியின் பொறியியல் பிரிவு நேரடியாக அன்று; கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான, மாநில அரசும் மாநகராட்சியும் சமபங்கு கொண்ட ஒரு தனி நிறுவனம். அந்நிறுவனத்தின் இயக்குநர் குழு மாமன்றத்துக்குப் பதில் சொல்லும் கட்டாயம் கொண்டதன்று. இருக்கைகளும் காலி, பணமும் மன்றத்துக்கு வெளியே. கோடிக்கணக்கான ரூபாய்ப் பணிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் ஒரு கேள்வியையும் சந்திக்காமல் தொடங்கி நடந்தன. மதுரையின் அண்மை வரலாற்றில் இதைவிடப் பெரிய மக்களாட்சிக் குறைவு வேறில்லை.

மன்றம் திரும்ப வந்த பின்னும், பதில் சொல்பவர் யார் என்ற சிக்கல் தீரவில்லை. 1993 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், குடிநீர், துப்புரவு, நகரமைப்பு முதலிய 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வைத்து, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்றது. ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பம் என்றும் விட்டுவிட்டது. ஆகவே, மழைக்காலத்தில் செல்லூரில் வெள்ளம் புகுந்தால், கண்மாயும் பந்தல்குடிக் கால்வாயும் நீர்வளத்துறையைச் சார்ந்தவை என்று ஒரு பதில் வருகிறது. ஒரு காலத்தில் வயலுக்கு நீர் தந்து இன்று சாக்கடையாகிப்போன கிருதுமால் நதியைப் பற்றிக் கேட்டால் பல துறைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வரியின் கதையும் வேறன்று. 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, பதினைந்தாம் நிதிக்குழுவின் மானிய நிபந்தனையைச் சுட்டி அளவை முடிவு செய்தது மாநில அரசு; வார்டில் மக்களின் சினத்தைத் தாங்கியது, பொறுப்பேற்று ஒரு மாதமே ஆன மாமன்ற உறுப்பினர்.

பொறுப்புத் தெளிவற்ற இந்நிலையின் விளைவை 2025ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. வணிகக் கட்டடங்களின் சொத்துவரி, அலுவலர்களின் கணினிக் கடவுச்சொற்களைக் கொண்டு முறைகேடாகக் குறைத்துப் பதியப்பட்டது என்ற புகாரில் காவல்துறை பலரைக் கைது செய்தது. மன்றத்தைச் சேர்ந்த ஒருவரே விசாரணை கோரி உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்ல நேர்ந்தது. ஜூலையில் மண்டலக் குழுத் தலைவர்கள் பதவி விலகினர். அக்டோபரில் மேயரும் விலகினார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். இங்குக் கேட்க வேண்டியது வேறு. வரிவிதிப்புக்கென்று ஒரு நிலைக்குழுவும், கணக்குக்கென்று ஒரு நிலைக்குழுவும் — நிலைக்குழு என்பது குறிப்பிட்ட துறையைத் தொடர்ந்து கவனிக்க உறுப்பினர்களுக்குள்ளேயே அமைக்கப்படும் குழு — இருந்தும், வரிக்குறைப்பின் பட்டியல் ஏன் மாதந்தோறும் அவற்றின் முன் வைக்கப்படவில்லை? அதே ஜூலையில் வெளியான ஒன்றிய அரசின் தூய்மை நகரங்கள் பட்டியலில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களுள் மதுரை கடைசி இடம் பெற்றது. தரவரிசையின் முறையைக் குறைகூறலாம். வெள்ளக்கல் குப்பைக் கிடங்கைச் சூழ்ந்து வாழும் அவனியாபுரத்து மக்களுக்கு அந்த விவாதம் ஆறுதல் தராது.

பிற இடங்களின் நடைமுறையில் கற்கத்தக்கவை உண்டு. மும்பையில் பிரஜா அறக்கட்டளை, மாநகராட்சி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையையும் தன்மையையும் தொகுத்து மதிப்பீடாக வெளியிட்டு வந்தது; கேள்விகள் எழுத்தில் பதிவாவதாலேயே அது இயன்றது. இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கணக்குகளை ஆண்டுதோறும் 30 வேலைநாள்கள் திறந்து வைத்து, சம்பந்தப்பட்ட எவரும் பட்டியல்களையும் ஒப்பந்தங்களையும் பார்வையிடச் சட்டம் வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் தடைகளை எழுதுகிறது — தணிக்கைத் தடை என்பது ஒரு செலவுக்கு விளக்கம் கேட்டு எழுதப்படும் குறிப்பு. அவை மன்றத்தில் பொருளாக வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்டால், உறுப்பினர் கையில் ஆயத்தமான கேள்விகள் வந்து சேரும்.

மதுரை 2011ஆம் ஆண்டு முதல் 100 வார்டுகளும் ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டர்ப் பரப்பும் கொண்ட நகரம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும், அதற்கு முந்தைய ஆண்டில் வகுக்கப்பட்ட வார்டுக் குழு, பகுதி சபை விதிகளும், கேள்வியைத் தெருவிலிருந்தே தொடங்க வழி திறந்துள்ளன. எழுத்தில் கேள்வி, குறித்த நாளுக்குள் ஆணையரின் கையொப்பமிட்ட பதில், பிற துறையைச் சார்ந்த பொருளாயின் அத்துறையின் அலுவலர் மன்றத்துக்கு வருகை, தனி நிறுவனங்களின் கணக்கு மன்றத்தின் மேசையில்: இவ்வளவே கோரத்தக்கவை, இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. தற்போதைய மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. காலம் முடியும் முன்னரே அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. 2016இல் போல இருக்கைகள் மீண்டும் காலியாகாதிருக்க, அந்தத் தேதியை நினைவில் வைத்து இப்போதே குரல் எழுப்புமாறு மதுரையின் குடியிருப்போர் நலச் சங்கங்களையும், வணிகர்களையும், மாணவர்களையும், இந்த அவையில் கூடியுள்ள ஒவ்வொருவரையும் இச்சொற்பொழிவு கேட்டுக்கொள்கிறது.