எலியைத் திட்டுமுன் கூட்டைப் பார்ப்போம்

(மானிப்பாயில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில், மலையகத்திலிருந்து சென்றிருந்த நம் தோழர்கள் முன் ஆற்றப்பட்ட உரை. பேச்சாளர் தோட்டத்து லயத்தில் பிறந்து, வடக்கில் விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்.)



இராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. ஆனபடியால் நீட்டாமல் பேசப் பார்க்கிறேன். மதுவையும் போதைப்பொருளையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குடி குடியைக் கெடுக்கும் என்ற பேச்சை நீங்கள் ஆயிரம் தரம் கேட்டிருப்பீர்கள். குடிக்கிறவனும் கேட்டிருக்கிறான், கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறான். அதனால் நான் இன்று எலிகளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இப்படிப் பேசுவதற்கு மானிப்பாய் பொருத்தமான ஊர். கிறீன் வைத்தியர் என்ற அமெரிக்கர் 1848இல் இங்கே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1860களில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். உடம்பைப் பற்றிய அறிவைத் தமிழில் சொல்லலாம் என்று காட்டிய மண்ணில் நின்று, மூளையைப் பற்றி நாமும் கொஞ்சம் பேசலாம்.

முதலில் என் வீட்டுக் கதை. என் அப்பா கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். மற்ற நாளில் அதிர்ந்து பேசமாட்டார். சம்பள நாளில் மட்டும் தவறணை வழியாகத்தான் வீட்டுக்கு வருவார். அம்மா அன்றைக்குச் சாயங்காலமே எங்களைப் பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்பிவிடுவார். ஒருமுறை சம்பளம் கூட்டக் கேட்டுப் போன தலைவரிடம் தோட்டத்து அதிகாரி ஒருவர் சொன்னாராம்: "கூட்டித் தந்தால் அதுவும் தவறணைக்குத்தானே போகும்?" தலைவர் பதில் பேசாமல் திரும்பி வந்தார். அந்த அதிகாரிக்குப் பதில் சொல்ல எனக்கு ஐம்பது வருஷம் பிடித்தது. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தியாவை வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், 1893-94இல், கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். அதற்காகக் கல்கத்தாவில் கன்னிங்ஹாம் என்ற வைத்தியர் ஒரு குரங்குக்கு மாதக் கணக்கில் கஞ்சாப் புகை காட்டினார். பிறகு அதைக் கொன்று மூளையை அறுத்துப் பார்த்தார். மூளையில் பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு குரங்கை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்தக் காலத்துக் கேள்வியைக் கவனியுங்கள்: இந்தப் பொருள் மூளையை என்ன செய்கிறது? உயிர் ஏன் அதைத் தேடிப் போகிறது என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

1954இல் கனடாவின் மொன்ட்றியல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அமுக்கினால் மூளையின் ஓரிடத்துக்குச் சிறிது மின்சாரம் போகும். எலி விடாமல் அமுக்கியது. பின்னால் நடந்த சோதனைகளில் மணிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அமுக்கிய எலிகளும் உண்டு. நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்து விஞ்ஞானிகள், இப்படி அமுக்கிய எலிகளின் மூளை நரம்புக் கிளைகள் கூடுதலாகப் படர்ந்திருப்பதை 1993இல் எழுதினார்கள். திரும்பத் திரும்பக் கிடைக்கும் இன்பம் மூளையில் தடம் பதிக்கிறது. தினமும் நடக்கும் ஒற்றையடிப்பாதையில் புல் முளைக்காதது போலத்தான்.

1962இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்பவர் மின்சாரத்துக்குப் பதில் மோர்ஃபீனை வைத்தார். நெம்புகோலை அமுக்கினால் எலியின் இரத்த நாளத்துக்குள் மருந்து போகும். எலி தானே அமுக்கித் தானே ஏற்றிக்கொண்டது. எலிக்கு ஒழுக்கம் கெட்டது என்றோ வளர்ப்புச் சரியில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. அதன் மூளையில் உள்ள பாதை நமக்கும் இருக்கிறது. பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், பிள்ளையின் சிரிப்பு, இவற்றை நாடவைக்கிற பாதை அது. சாராயமும் ஹெரோயினும் ஐஸும் அந்தப் பாதையைப் பிடித்துக்கொள்கின்றன.

எங்களை எலியோடு ஒப்பிடுகிறாரே என்று யாரும் கோபிக்க வேண்டாம். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் தோட்டத்துத் துரைக்கும் இதே பாதைதான்.

இனித்தான் முக்கியமான இடம். அந்த எலிகளெல்லாம் எங்கே இருந்தன? சின்னக் கூட்டில், தனியாக. அமுக்க ஒரு நெம்புகோல், வேறொன்றும் இல்லை. 1970களின் கடைசியில் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் என்பவர் இதைக் கேள்வி கேட்டார். வழக்கமான கூட்டைப்போல் சுமார் இருநூறு மடங்கு பெரிய இடம் ஒன்றைப் பலகையால் செய்தார். மரத்தூள் பரப்பி, ஒளிந்து விளையாடத் தகரடப்பாக்களை வைத்தார். ஆணும் பெண்ணுமாக எலிகளைக் கூட்டமாக விட்டார். சீனித் தண்ணீரில் மோர்ஃபீனும் வைத்தார், வெறும் தண்ணீரும் வைத்தார். தனிக்கூட்டு எலிகள் மோர்ஃபீனை நிறையக் குடித்தன. கூட்டமாக வாழ்ந்த எலிகள் மிகக் குறைவாகவே குடித்தன.

இதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அது நேர்மையாகாது. பிறகு மற்றவர்கள் இதே சோதனையைச் செய்தபோது எல்லோருக்கும் ஒரே விடை வரவில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு, பொருளின் வீரியத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் 2018இல் அமெரிக்காவில் வெனிரோவும் கூட்டாளிகளும் இன்னொரு சோதனை செய்தார்கள். போதைக்குப் பழகிய எலிக்கு இரண்டு நெம்புகோல். ஒன்றை அமுக்கினால் ஐஸ் என்கிறோமே, அந்தப் பொருள். மற்றதை அமுக்கினால் கதவு திறந்து இன்னோர் எலி துணைக்கு வரும். ஏறக்குறைய எல்லா எலிகளும் துணையைத்தான் கேட்டன. அந்தத் துணை வரச் சுணங்கியபோதும், துணையைத் தேடியதற்குத் தண்டனை கிடைத்தபோதும் மறுபடி போதையின் பக்கம் திரும்பின.

தோழர்களே, இதை லயத்துக்குக் கொண்டு போங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் மூன்று தலைமுறை. மழை பெய்தால் ஒழுகும் தகரம். குறித்த கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர். வேலை முடிந்தால் வாசிகசாலை இல்லை, பிள்ளைகளுக்கு விளையாட்டுத்திடல் இல்லை. தவறணைக்குப் போகப் பாதை உண்டு, கசிப்புக் காய்ச்சுகிறவன் வீட்டுக்கும் பாதை உண்டு. நெம்புகோல் ஒன்றே ஒன்றுதான். அதை அமுக்கினவனைக் குடிகாரச் சாதி என்று திட்டுகிறார்கள். "கூட்டித் தந்தால் தவறணைக்குத்தானே போகும்" என்ற அதிகாரிக்கு என் பதில் இதுதான்: "கூட்டை நீங்கள் கட்டினீர்கள் ஐயா. முதலில் இன்னொரு கதவைத் திறந்துவிட்டுப் பேசுங்கள்."

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எலிக்கூட்டுக் கதை யாருக்கும் மன்னிப்புச் சீட்டு இல்லை. அதே காம்பராவில்தான் உங்கள் வீட்டுப் பெண்ணும் இருக்கிறாள். பகல் முழுக்கக் கூடையைச் சுமந்து, வந்து அடுப்பையும் மூட்டுகிறாள். மனைவியை அடித்த கைக்கு எந்த எலியும் சாட்சி சொல்ல வராது.

அடுத்தது, விட்டவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று. போதையை மறந்து நெம்புகோலையே தொடாமல் இருந்த எலியை மறுபடி அமுக்கவைப்பவை மூன்று என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒன்று, அந்தப் பொருளில் ஒரு துளி. இரண்டு, முன்பு போதையோடு சேர்ந்து வந்த ஒளியோ சத்தமோ. மூன்று, அதிர்ச்சி கொடுத்து மனத்தை நோகச் செய்வது. நம் கணக்கில் சொன்னால்: கல்யாண வீட்டில் "ஒரே ஒரு கிளாஸ்" என்று வற்புறுத்துவது, சம்பள நாளில் தவறணையைக் கடப்பது, பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்குவது. இந்த மூன்றிலிருந்தும் ஒருவனைக் காப்பாற்ற வைத்தியர் மட்டும் போதாது. பக்கத்துக் காம்பராக்காரர் வேண்டும்.

ஆகவே சங்கத்திடம் சில வேண்டுகோள்கள்.

தேர்தல் காலத்தில் லயத்துக்குப் போத்தல் கொண்டுவரும் எவரையும், நம் கட்சியானாலும், வாசலிலேயே நிறுத்துங்கள். போத்தல் கொடுத்து ஓட்டு வாங்குகிறவன் நாளைக்குச் சம்பளப் பேச்சில் நமக்காக நிற்கமாட்டான்.

சம்பள நாளில் சங்கக் கூட்டத்தையோ, கரப்பந்துப் போட்டியையோ, பஜனையையோ வையுங்கள். பணம் கையில் இருக்கும் அந்த இரண்டு மணிநேரத்துக்கு வேறொரு கதவு திறந்திருக்கட்டும். வீட்டுக்கும் காணிக்கும் வாசிகசாலைக்கும் நாம் கேட்பது பிச்சை இல்லை. போதைக்கு எதிரான வேலையில் அதுவும் ஒரு பாதி.

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கடைக்காரருக்கு அதை நினைவூட்டும் வேலையை இளைஞர் அணி எடுக்கட்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அசட்டையாக இருந்தோம். இன்று ஹெரோயினாலும் ஐஸாலும் எங்கள் பிள்ளைகள் சிலரை இழந்து நிற்கிறோம். கொழும்புக்கு வேலைக்குப் போய் லீவில் வருகிற உங்கள் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். கண்டால் அடிக்காதீர்கள், துரத்தாதீர்கள். துணைக்கதவை மூடினால் அவன் போகிற இடம் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்தவர் வீறாப்பில் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிரும் போகலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வைத்தியரின் பார்வையில் நிறுத்துங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம்.

என் அப்பா கடைசிக் காலத்தில் குடியை விட்டார். யாரும் புத்திசொல்லி அல்ல. தோட்டத்தில் கரப்பந்துக் குழு ஒன்று தொடங்கி, அவரை நடுவராக இருக்கச் சொன்னார்கள். சம்பள நாள் சாயங்காலத்தில்தான் ஆட்டம். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்ற அவர் முகம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா அன்றைக்கு எங்களைப் பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்பவில்லை. ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.