யாரும் பார்க்காத டப்பா

ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2-ந் தேதி நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் நோட்டு, பென்சில், சில சாமான்கள் போட்டு மறைத்து வைத்து, அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்தார். 'ஜியோகேஷிங்' பிறந்தது.

விதிகள் எளியவை. நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஒன்றை எடுத்தால் சம மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் கூடாது; மிருகங்கள் மோப்பம் பிடித்துவிடும். பிறர் கண்ணில் படாமல் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, எட்டு வயதுப் பேரனோடு ஒரு பூங்காவில் தேடினேன். கருவி சில அடி தூரம் வரைதான் கொண்டு விடும். அப்புறம் நம் கண்ணும் கையும்தான். அரை மணி தேடி, மரப்பொந்தில் டப்பாவைக் கண்டதும் எனக்கும் எட்டு வயதாகிவிட்டது!

உள்ளே இருந்த பொம்மைக் கார் அவனுக்குப் பிடித்துவிட்டது. பதிலுக்கு வைக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

"எடுத்துக்கோடா, யார் பார்க்கப் போறா?" என்றேன்.

"தப்பு தாத்தா" என்று காரை உள்ளேயே வைத்து மூடினான்.

35 வருஷம் சர்க்கார் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். தணிக்கையே இல்லாத டப்பா முன் அன்று தலைகுனிந்தேன்.