விசை சொல்வது என்ன?



கணிப்பொறியின் முன் அமர்ந்து ஆங்கில 'ஏ' விசையைத் தட்டுகிறோம். உடனே திரையில் அவ்வெழுத்துத் தோன்றுகிறது. விசையிலிருந்த எழுத்தே கம்பி வழியாக ஓடித் திரையைச் சேர்ந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் சரிதானா? பழைய கணிப்பொறி ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1982ஆம் ஆண்டில் பிரிட்டனின் சிங்ளேர் நிறுவனம் 'இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்னும் வீட்டுக் கணிப்பொறியை வெளியிட்டது. அதில் 40 ரப்பர் விசைகள் இருந்தன. வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. திரையில் படத்தைக் காட்டுவது, விசைகளைக் கவனிப்பது, ஒலிநாடாவிலிருந்து செய்தி வாங்குவது ஆகிய மூன்று வேலைகளையும் 'யூ.எல்.ஏ.' என்ற ஒரே சில்லு பார்த்துக்கொண்டது.

40 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் செலவு கூடும். ஆகவே விசைகளை வரிசைக்கு ஐந்தாக எட்டு வரிசைகளாகப் பிரித்தார்கள். எட்டும் ஐந்தும் சேர்ந்து 13 கம்பிகள் போதுமானவை ஆயின.

தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு நடந்ததை நம்மில் மூத்தோர் அறிவர். எல்லாரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் வந்தவர் யார், வராதவர் யார் என்று தெரியுமா? வரிசை வரிசையாகக் கூப்பிட்டால்தான் கணக்குச் சரியாக வரும். கணிப்பொறியும் அப்படித்தான் செய்தது. ஒரு வரிசையைக் கூப்பிட்டு, அதிலுள்ள ஐந்து விசைகளின் நிலையைக் கேட்டு, பிறகு அடுத்த வரிசைக்குப் போயிற்று.

'ஏ' இருக்கும் வரிசைக்குரிய வாயில் எண் 65022. 'பிரிண்ட் இன் 65022' என்று பேசிக் மொழியில் கேட்டால் ஓர் எண் விடையாக வரும். இரும முறையில் அதன் கடைசி ஐந்து இடங்களை மட்டும் பார்ப்போம். எவ்விசையும் அழுத்தப்படாதபோது ஐந்தும் 1. அதன் மதிப்பு 31. அழுத்திய விசையின் இடத்தில் 1 மறைந்து 0 வரும். 'ஏ' அழுத்தினால் 30, 'எஸ்' அழுத்தினால் 29, 'டி' அழுத்தினால் 27. விசை சொன்னது எழுத்தை அன்று. தன் இடத்தை மட்டுமே!

ஒலிநாடாச் செய்தியும் இதே வாயில் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஆறாம் எண்ணுடைய பிட் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 0 என்றால் குறுகிய துடிப்பு. 1 என்றால் அதைப்போல் இரு மடங்கு நீண்ட துடிப்பு.

விசைகளை எப்போது பார்ப்பது? திரையில் படம் விநாடிக்கு 50 முறை புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் யூ.எல்.ஏ. மைய இயக்கியின் தோளைத் தட்டியது. இயக்கி கைவேலையை நிறுத்திவிட்டு, எட்டு வரிசைகளையும் பார்த்து, கண்ட விசையின் குறியெண்ணை நினைவகத்தின் 23560ஆம் இடத்தில் எழுதிவைத்தது.

விசையிலிருந்து விரலை எடுக்கத் தாமதமானால் அதே எழுத்து மீண்டும் மீண்டும் விழும் அல்லவா? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 23561ஆம் இடத்தில் 35 என்ற எண் இருந்தது. 50இல் 35 பங்கு, அதாவது 0.7 விநாடி பொறுத்த பின்னரே எழுத்து மறுபடி விழத் தொடங்கியது. கைநடுக்கம் உள்ள முதியவர் ஒருவர் தட்டச்சு செய்வதாக வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை 100 ஆக மாற்றினால் பொறி அவருக்காக இரண்டு விநாடி பொறுத்திருக்கும். பொறியின் பொறுமையை மனிதனே தீர்மானிக்கிறான்.

இந்தச் சிக்கன முறையில் ஒரு குறையும் இருந்தது. 'கியூ', 'டபிள்யூ', 'ஏ' மூன்றையும் சேர்த்து அழுத்தினால், தொடாத 'எஸ்' விசையும் அழுத்தப்பட்டதுபோல் தோன்றும். ஒரு சதுரத்தின் மூன்று மூலைகள் இணைந்தால், மின்சாரம் சுற்றிவந்து நான்காவது மூலையையும் காட்டிவிடும். ஆகவே பொறியின் உள் நிரல் இப்படி மூன்று விசைகள் சேர்ந்து வந்தால் ஏற்க மறுத்தது. பொய்ச் சாட்சியைக் காட்டிலும் மௌனம் மேல் அல்லவா?

நேயர்களே, இதிலிருந்து நாம் பெறும் உண்மை பெரிது. விசைக்கு மொழி இல்லை. இடத்தை எழுத்தாக மாற்றுவது நிரல். நிரலை எழுதுவது நாம். ஸ்பெக்ட்ரத்திலேயே, 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் நாமே உருவங்களை வரைந்து வைக்க 21 இடங்கள் இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை உருவானது. அதில் 'க' விசையையும் 'இ' விசையையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' பிறக்கிறது. அவ்விரு விசைகளையும் சேர்த்துவைப்பது நிரலே. இன்றைய விசைப்பலகைகளும் இடக் குறிகளையே அனுப்புகின்றன.

கணிப்பொறிக்கு ஆங்கிலம்தான் தெரியும் என்று நம் பிள்ளைகள் சொன்னால், அதற்கு எம்மொழியும் தெரியாது, கற்றுக்கொடுப்பவர் மொழியே அதன் மொழி என்று நாம் எடுத்துச் சொல்வோம்.