இலையிலும் பூக்கும், கண்ணிலும் பூக்கும்!

(கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



முட்டைக்கோசின் இலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். மேலே படர்ந்திருக்கும் நீலங்கலந்த வெண்மை அகன்று, அடியிலுள்ள பசுமை தோன்றும். அவ்வெண்மை, இலை தன் காப்பிற்கெனச் சுரந்துகொண்ட மெழுகு. அதனைக் குறிக்க மேலைநாட்டு நிலைத்திணை நூலார் 'கிளாக்கசு' என்னும் சொல்லை ஆள்வர். கண்ணொளியைப் பறிக்கும் நோயொன்றுக்குக் 'கிளாக்கோமா' என்று பெயர். இலைக்கும் கண்ணோய்க்கும் என்ன உறவு?

இரண்டும் 'கிளௌக்கோசு' என்னும் கிரேக்கச் சொல்லில் கிளைத்தவை. ஓமரின் பாக்களில் அச்சொல் கடலுக்கு அடையாக வந்தது. அதீனா என்னும் பெண்கடவுளின் கண்ணையும் சிறப்பித்தது. பின்னர் வெளிறிய நீலப்பசுமையைக் குறித்தது. முதியோர் கண்மணியில் அந்நிறம் படரக் கண்ட கிரேக்க மருத்துவர், நோய்க்கும் அதனையே பெயராக்கினர்.

இனி, நம் மொழியை நோக்குவோம். நெருப்பின்மேல் நீறு பூக்கிறது. சுவரில் உப்புப் பூக்கிறது. முற்றிய சாம்பற்பூசணியின்மேல் வெண்மெழுகு பூக்கிறது. வழிபார்த்து வழிபார்த்துக் கண்ணும் பூத்துப்போகிறது. கருவிழியில் வெண்புள்ளி படிந்தால் 'கண்ணில் பூ விழுந்தது' என்கிறோம். கிரேக்கர் நிறத்தைக் கண்டு பெயரிட்டனர். தமிழர் அந்நிறம் தோன்றும் வினையைக் கண்டு பெயரிட்டனர். இது கடன்கொண்ட சொல்லன்று. உழவரும் தாய்மாரும் கண்டுரைத்த சொல்.

ஆயினும், பழம்பெருமை பேசி அமர்வதற்காக நான் எழவில்லை. என் தமையனார்க்கு அறுபதாம் அகவையில் இந்நோய் கண்டது. மருத்துவர் 'கிளாக்கோமா' என்றார். தமையனார்க்கு அச்சொல் விளங்கவில்லை. "கண்ணில் பூ விழவில்லையே! புரையாயிருந்தால் முற்றட்டும்" என்று ஈராண்டு வாளாவிருந்தார். பார்வை போயிற்று, மீளவில்லை.

இந்நோய் பெரும்பாலும் வெளியே தோன்றாது, நோவும் தராது. கண்ணுள் ஊறும் நீர் செவ்வனே வடியாதபோது அழுத்தம் மிகும்; பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சிதையும். செருமானிய மருத்துவர் கிரேவே அழுத்தத்தைத் தணிக்கும் அறுவையை 1857இல் வெளியிட்டார். நோயின் இயல்பு விளங்கிய பின்னும், நிறத்தைச் சுட்டும் பழம்பெயரே மேலைநாட்டில் நிலைத்துவிட்டது. 'கண்ணழுத்த நோய்' என்னும் நம் சொல்லோ நோயின் இயல்பையே எடுத்துரைக்கிறது. அச்சொல் அன்று என் தமையனாரின் செவியில் விழுந்திருந்தால், முற்றட்டும் என்று காத்திருந்திருப்பாரா?

அன்பர்களே! நாற்பது கடந்தோர் கண்ணழுத்தத்தை அளந்து பாருங்கள். நரம்பையும் ஆய்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நோயின் பெயரைத் தமிழில் கேளுங்கள். அது மொழிவெறி அன்று, விழிகாக்கும் வழி.

வாழ்க தமிழ்!