நாற்பதில் அடங்காதவர்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. அவனது தூதர் முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

வானொலியில் இவ்வுரையைச் செவிமடுக்க வாய்ப்புக் கிட்டாதவர்கள் இப்போது இதனைக் கையிலெடுத்து வாசிக்கின்றீர்கள். உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. வழமையாக ஸுபஹ் தொழுகையில் உங்கள் அருகே நிற்பவர் இன்று வந்திருந்தாரா? வரவில்லையெனில், ஏன் வரவில்லை என்று எவரேனும் விசாரித்தீர்களா?

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி ஜும்ஆ நிறைவேற நாற்பது ஆண்கள் வேண்டும் என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த சட்டமாகும். அந்நாற்பது பேரும் ‘முஸ்தவ்தின்’களாக, அதாவது அவ்வூரையே தமது நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓர் ஊரில் தங்க நாடியவர் மீது ஜும்ஆ கடமையாகி விடுகின்றது. ஆயினும், என்றேனும் சொந்த ஊருக்குத் திரும்புவேன் என்ற எண்ணத்துடன் அவர் இருக்கும் வரை நாற்பதில் ஒருவராக எண்ணப்படமாட்டார். வியாபாரத்துக்கு வந்தவரும், கல்வி கற்க வந்த மாணவரும் அவ்வாறே. மிம்பரில் நின்று குத்பா ஓதும் வெளியூர் மௌலவியும் அவ்வாறே. நான் பணியாற்றிய எந்த ஊரிலும் நான் நாற்பதில் ஒருவனாக இருந்ததில்லை!

இச்சட்டத்தில் குறையேதும் இல்லை. தொழுகைக்குரிய இக்கணக்கை உறவுக்குரிய கணக்காகவும் நாம் ஆக்கிக் கொண்டோமே, அதுவே என் கவலை. சந்தாப் பட்டியலில் பெயரில்லாதவர் நம் பார்வையிலும் இல்லாதவராகி விடுகின்றார்.

ஊவா மண்ணில் முஸ்லிம்களின் வரலாறே பயணிகளின் வரலாறுதான். கண்டி இராச்சிய காலத்தில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் புடவையையும் பொதிமாடுகளில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, பாக்கையும் மிளகையும் ஏற்றிக் கொண்டு மீண்ட ‘தவளம்’ வியாபாரிகளுள் நம் முன்னோர் பலர் இருந்தனர். 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுக்கு இடமளித்து ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான். பின்னர் கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. தவளங்கள் மறைந்தன. தோளில் புடவை மூட்டையுடன் லயம் லயமாக ஏறி இறங்கும் பொட்டணி வியாபாரி அவற்றின் இடத்தைப் பிடித்தார்.

அவர் எவரிடம் புடவை விற்றாரோ அம்மக்களும் கடல் கடந்து, காடு கடந்து நடந்து வந்தவர்களின் சந்ததியினரே. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாரை நோக்கிச் சென்ற ரயில்களில் எத்தனை தலைமுறைச் சிநேகங்கள் பிரிந்து போயின என்பதைப் பதுளை, பண்டாரவளைப் பக்கத்து முதியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வாசக சகோதரர்களே! நான் மத்ரஸாவிலிருந்து பட்டம் பெற்று வெளியேறிய புதிதில், பசறைப் பாதையில் தோட்டங்களுக்கு இடையே அமைந்த சிறு பசார் ஒன்றின் பள்ளிவாசலில் இமாமாகப் பணியேற்றேன். கிழக்குக் கரையைச் சேர்ந்த பொட்டணி வியாபாரி ஒருவர் அங்கே கடையொன்றின் பின்புறத்து அறையில் வாடகைக்கு இருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஸுபஹுக்குக் கடைசி ஸப்பில் நிற்பார், ஸலாம் கொடுத்ததும் மூட்டையைத் தூக்கிக் கொண்டு போய்விடுவார். இருபது வருடங்களாக அவ்வூரில் அவர் இருந்தும், அவரது வீடு எங்கே, பிள்ளைகள் எத்தனை என்று பள்ளியில் எவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் படலையருகே ஒரு முதிய கங்காணியும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த இரு பெண்களும் நின்றிருந்தனர்.

“ஐயா, பொட்டணி நானா நேத்து எங்க லயத்துக்கு வரல்லீங்க. புதன்கெழம தவற மாட்டாருங்க. ஒடம்புக்கு ஏதும் முடியாம கெடக்குறாரோ?” என்று கங்காணி கேட்டார்.

அப்போதுதான் அவர் இரண்டு நாட்களாக ஸுபஹுக்கும் வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. கதவைத் தள்ளித் திறந்தோம். அவர் பேச்சிழந்து பாயில் கிடந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். மூன்றாம் நாள் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நபியவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த ஒருவர் மரணித்து, நபியவர்களுக்கு அறிவிக்கப்படாமலே அடக்கப்பட்ட செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவரைக் காணவில்லையே என்று நபி (ஸல்) அவர்களே விசாரித்தார்கள். தம்மிடம் சொல்லாதிருந்ததைக் கண்டித்து, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். ஒரு சமூகத்தின் தலைவர், பள்ளியைக் கூட்டுபவர் வராததைக் கவனித்திருக்கின்றார். இந்த ஹதீஸை நான் ஏழு வருடங்கள் உஸ்தாத்மாரிடம் ஓதியவன். அன்று அதன்படி நடந்து கொண்டவர்கள் அந்தக் கொழுந்து பறிக்கும் பெண்கள்தாம்.

அவர் எப்படி அம்மக்களின் நினைவில் இடம்பிடித்தார் என்பதைப் பின்னர் கங்காணியிடமே கேட்டறிந்தேன். மழையோ பனியோ புதன்கிழமை தவறியதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கடனைக் கேட்டுப் போனதில்லை. இழவு வீட்டில் மூட்டையை வெளியே வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருப்பாராம். ஊரூராகத் திரியும் வாழ்க்கையில் இருப்பவர்களே, இதனைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். நாள் தவறாது வருபவரைத்தான், வராதபோது பிறர் தேடுவார்கள். இன்று வேனில் ஒலிபெருக்கி கட்டி விற்பவருக்கும், கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும், கட்டாரில் எட்டுப் பேருடன் ஓர் அறையில் உறங்கும் நம் இளைஞருக்கும் இது பொருந்தும்.

ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்களை, மதீனாவின் ஸஅத் இப்னு ரபீஉ (ரழி) அவர்களுடன் நபியவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். இவரோ அவருக்காகப் பரக்கத் வேண்டிப் பிரார்த்தித்துவிட்டு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார். வந்தவர் வழி கேட்கவும், இருப்பவர் பாதியைத் தரவும் தயாராக இருந்தனர். நம் ஊர்களில் வந்தவர் கேட்கக் கூச்சப்படுகின்றார். இருப்பவரோ வாடகையை மட்டும் பேசுகின்றார்.

ஜனாஸா விடயத்துக்கு வருகின்றேன். மகன் வந்து சேர்ந்து, அங்கேயே அடக்கச் சம்மதித்தார். பள்ளியில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பர் என்று நினைத்தேன். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் மகன் ஒருவர் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலான வழித்தங்கல் ஒன்றில் மரணித்தபோது, எத்தனை பேர் கூடியுள்ளனர் என்று பார்த்துவரச் சொல்லி, நாற்பது பேர் இருப்பார்கள் என்று அறிந்த பின்னரே ஜனாஸாவை வெளியே எடுக்கச் சொன்னார்கள். இணைவைக்காத நாற்பது பேர் தொழுதால் அவர்களின் பரிந்துரையை அல்லாஹ் ஏற்பான் என்று நபியவர்கள் கூறியதை அவர்கள் கேட்டிருந்தார்கள். இங்கேயும் நாற்பதுதான். ஆனால் இந்த நாற்பதில் முஸ்தவ்தின் என்ற நிபந்தனை கிடையாது. முஸாபிரும் இதில் ஒருவர்.

தக்பீர் கட்டுவதற்கு முன் திரும்பி ஸப்புகளை எண்ணினேன். ஐம்பத்து மூன்று பேர். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பிபிலையிலிருந்தும் செய்தி கேட்டு வந்த புடவைக்காரர்கள், பாத்திரக்காரர்கள், பழைய இரும்பு வாங்குபவர்கள். எந்த ஊர் ஜும்ஆவிலும் நாற்பதில் எண்ணப்படாதவர்களே அவர்களில் அதிகம். மதிலுக்கு வெளியே தோட்டத்து மக்கள் தூறலில் நின்றிருந்தனர். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

மரணித்தவரின் கடன் கொப்பியில் பதினேழு பெயர்கள் இருந்தன. வாரிசுகள் மன்னித்து விடுகிறோம் என்று மகன் சொல்லிச் சென்றார். இருந்தும் அடுத்த சம்பளத்தன்று பதினொரு பேர் பள்ளிக்கு வந்து காசைத் தந்து, அவரது வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். மற்ற ஆறு பேர் வரவில்லை. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதன் பின்னர் அப்பள்ளியில் நாங்கள் ஒரு கொப்பி வைத்தோம். ஊரில் தங்கும் வெளியூரவரின் பெயர், அறை, வீட்டுத் தொலைபேசி இலக்கம், எந்த நாளில் எந்தத் தோட்டத்துக்குப் போவார் என்ற விபரம், இவ்வளவுதான். இரண்டு நாட்கள் காணாவிட்டால் முஅத்தின் போய்க் கதவைத் தட்டுவார். அன்று அது எண்பது ரூபாய்க் கொப்பி. உங்கள் பள்ளிவாசலிலும் இதனை நாளையே ஆரம்பிக்கலாம். நிர்வாக சபைக் கூட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கொப்பியைத் திறந்த அன்று முதலாவதாக எவர் பெயரை எழுதுவது என்று கேட்டேன். பள்ளித் தலைவர் பேனையை வாங்கி என் பெயரை எழுதிவிட்டு, “மௌலவி, உங்கட ஊட்டு நம்பரச் சொல்லுங்க” என்றார்.

அந்த நானாவின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவரது கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.