வைப்புப் பணமும் வழக்குமன்றமும்



நிதி மோசடியைக் கொடுக்கல் வாங்கல் தகராறாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. "ஆளை உள்ளே வைத்தால் பணம் எப்படி வரும்? வெளியே விட்டால்தானே புரட்டிக் கொடுப்பார்" என்று ஏமாந்தவர்களே சொல்கிறார்கள். அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை.

1906 அக்டோபரில் சென்னையின் பெயர்பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், பட்டம் பெற்ற வெள்ளைக்கார முதலாளி. ஆட்சியும் அவர் இனத்தாருடையது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டே அவருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கடன்கொடுத்தோர் பக்கம் நின்றவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் முன்னின்று உழைத்ததால் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. பொய்க்கணக்கு எழுதியவர் சிறைக்குப் போவார் என்று கண்டதனாலும்தான் மக்கள் மறுபடி வங்கிப் படியேறினார்கள் என்பது என் துணிபு.

அந்தக் கம்பெனி நொடித்தபோதும் இதே சென்னையில் இயங்கிக்கொண்டிருந்தது 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட். தாத்தா போட்ட இடம் என்பதற்காகவே பேரனும் டெபாசிட் போட்ட நிறுவனம். முதிர்வுத் தொகை வரவில்லை என்ற புகார்களின் பேரில் 2024 ஆகஸ்டில் அதன் தலைவர் தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் பேசுவது காத்திருப்போரைப் பற்றி. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வட்டியில் மருந்து வாங்குகிறவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஆயுளில் கழிகிறது.

சிறையா பணமா என்று கேட்கவே தேவையில்லாதபடி நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி அரசு சொத்தை முடக்கலாம். தனி நீதிமன்றம் அதை விற்றுப் பங்கிட்டுத் தர உத்தரவிடலாம். குற்றவாளிக்குப் 10 ஆண்டு வரை சிறையும் உண்டு. 2011-இல் உச்ச நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்றது. விஸ்வப்பிரியா நிதி நிறுவன வழக்கில், சுபிக்ஷா கடைகளை நடத்திய சுப்பிரமணியனுக்கு 2023 நவம்பரில் பல குற்றங்களுக்குமாகச் சேர்த்து 20 ஆண்டுச் சிறை விதித்தது இந்தத் தனி நீதிமன்றம்தான். ஆகவே குறை சட்டத்தில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. ஒரு கைப்பை பறிபோனால் அன்றிரவே தேடும் காவல்துறை, கணக்கேட்டைப் புரட்ட ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் சொத்து கைமாறிவிடுகிறது.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு நிரந்தரத் தணிக்கையாளர்களைக் கொடுங்கள். இவ்வழக்குகளுக்கென்று கூடுதல் நீதிபதிகளை நியமியுங்கள். டெபாசிட் போட்டவர்களிடம் கேட்பது ஒன்று: சமரசம் பேச யார் வந்தாலும் அசல் ரசீதைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.