அம்மாவிடம் சொன்ன பொய்



முதிய பெற்றோரைப் பேண நமக்குத் துணை நிற்பது அன்பா, இறைநம்பிக்கையா என்பது தலைப்பு. எனக்கு முன்பு பேசிய நண்பர் இரண்டையும் விட்டுவிட்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். உண்மைதான். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் 1995ல் நிறைவேறியது. 60 வயதை எட்டி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். 2010ல் அது திருத்தப்பட்ட பின், முதலில் சமரசம் பேசிப் பார்க்கவேண்டும். நல்ல சட்டம். ஆனால் என் தாயார் என்னிடம் கேட்டது பணம் அல்ல.

"அப்பா ஏன்டா இன்னும் வரல?" என்றுதான் கேட்டார்.

என் தந்தை இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்கு முதுமை மறதிநோய். அந்த நோயில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகள்தாம் முதலில் போகும். பழையவை நெடுநாள் நிற்கும். கணவர் வேலை முடிந்து வரும் நேரம் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அவர் இறந்தது நினைவில்லை. பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும். கதவருகே போய் நின்றுகொள்வார்.

பொய் பேசாதவன் என்று பெருமை கொண்டவன் நான். சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. உண்மையைச் சொன்னேன். "அப்பா இறந்துட்டாரும்மா." அன்றுதான் கேள்விப்பட்டவர்போல மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அரை மணி நேரத்தில் மறந்துவிட்டார். மறுநாள் மீண்டும் கேட்டார், மீண்டும் சொன்னேன். இப்படி ஆறு நாள், ஒவ்வொரு மாலையும் என் தாயைப் புதிதாக விதவையாக்கினேன். ஆறாம் நாள், "எத்தனை தடவைதான் சொல்றது?" என்று கத்தியும்விட்டேன்.

இந்தோனீசியாவிலிருந்து வந்த எங்கள் வீட்டுப் பணிப்பெண் சமையலறையிலிருந்து ஓடிவந்து அம்மாவை அணைத்துக்கொண்டார். "தாத்தா கெர்ஜா, பாட்டி," என்றார். கெர்ஜா என்றால் மலாயில் வேலை. அம்மா உடனே அமைதியானார். என் தந்தை துறைமுகத்தில் உழைத்தவர். "ஓவர்டைமா? அப்போ சோத்த மூடி வை," என்றார்.

அந்தப் பெண்ணுக்கு என் அம்மா யாரோ. ஆனால் அன்று மகனைவிட அவர்தான் அம்மாவைப் புரிந்துகொண்டார். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்.

நடுவர் அவர்களே, நான் நம்பிக்கையின் பக்கம் பேச வந்தவன். தைப்பூசம், தீபாவளி என்று நாள் எண்ணிக் கோயிலுக்குப் போகிறவனுக்கு அதற்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் அன்பு ஆறு நாளில் களைத்துப்போனது. அதுதான் தகுதி.

இப்போது இருட்டுவதற்கு முன்பே விளக்கேற்றி அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். அவர் தேவாரம் பாடுவார். என் பெயர் அவருக்குத் தெரியாது. சில நாள் தம்பி என்கிறார், சில நாள் யாரோ விருந்தாளி என்று நினைத்துக் காப்பி குடித்தீர்களா என்கிறார். ஆனால் பதிகம் பிசகாது. நான் கூடப் பாடி ஓர் அடியைத் தவறவிட்டால், நிறுத்தி, திருத்தி, மறுபடியும் பாடச் சொல்வார். அந்த ஒரு கணம் எனக்குப் பழைய அம்மா திரும்பக் கிடைக்கிறார். எல்லா நாளும் இது பலிப்பதில்லை. விளக்கைத் தள்ளிவிட்ட நாளும் உண்டு. மறுநாளும் ஏற்றுகிறேன்.

பொய்க்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அம்மா தூங்கிய பின் சாமி படத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மறுநாள் மறுபடியும் சொல்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். இந்த ஒளிப்பதிவுக்குக் கிளம்பும்போதும் அம்மா கதவருகே வந்து நின்றார். அப்பாவுக்கு இன்றும் ஓவர்டைம் என்றேன். துணைக்கு வந்திருந்த என் தங்கையிடம் சோற்றை மூடி வைக்கச் சொன்னார்.